என் பெயருக்குக் கீழே ஒரு கையெழுத்து

2006 செப்டம்பர் 30, சனி

பள்ளிவாசலில் நோன்பு திறப்பு. கஞ்சி இந்த முறை எங்கள் ஊர்க் கீழக்கரை ருசிக்குக் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. வெந்தயம்தான் கூட.

ஃபைஹா கல்லூரித் தோழிகளோடு வந்து வாசலில் மேசை போட்டிருந்தாள். வாக்காளர் பதிவாம். நவம்பரில் இங்கே அமெரிக்க செனட்டுக்குத் தேர்தல். இரண்டு வேட்பாளர்களும் தொலைக்காட்சியில் ஒருவரை ஒருவர் திருடன் என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம் என்றேன். "உம்மா, யூ ஆர் ஸோ நெகட்டிவ்" என்றாள்.

அடுத்த தெரு சந்தானமும் வந்திருந்தார். என் வீட்டுக்காரரும் அவரும் ஒரே காரில் வேலைக்குப் போகிறவர்கள். சந்தானத்துக்கு நோன்பு கிடையாது, கஞ்சிக்கு மட்டும் முதல் ஆள். மேசைக்குப் பக்கத்தில் நின்று, "வாங்க வாங்க, கையெழுத்துப் போட்டுட்டுக் கஞ்சி குடிங்க" என்று ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து பாதிதான் தெரிந்தது. மேசை முன்னால் இவர் குனிந்து நிற்க, ஃபைஹா சிரித்தபடி பேனாவை நீட்டிக்கொண்டிருந்தாள். வாப்பாவும் மகளும் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாளாகிறது.

அக்டோபர் 3

ஆய்வகத்தில் ஓர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டேன். ஒற்றைக் கோடு, பக்கத்தில் என் முதலெழுத்து, தேதி, காரணம். மருந்துக் கம்பெனியில் அழிப்பதும் கிழிப்பதும் கிடையாது. அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் கோடு போடும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 14, சனி

கவுன்டி தேர்தல் அலுவலகத்திலிருந்து தபாலில் ஓர் அட்டை. இவர் பெயருக்கு.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தப்பாக வந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். இவர் இந்த நாட்டுக் குடிமகன் இல்லை. 2003இல் சேர்ந்தே விண்ணப்பித்தோம். அடுத்த வருடம் எனக்கு வந்தது, என்னோடு ஃபைஹாவுக்கும். இவருடையது மட்டும் எஃப்.பி.ஐ.யில் பெயர் சரிபார்ப்பு என்று இன்னும் நிற்கிறது. குத்புதீன் என்ற பெயரில் உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அத்தனை பேரையும் பார்த்து முடிக்க வேண்டுமோ என்னவோ.

"இது என்ன மச்சான்?"

"வோட்டர் கார்டு." வாங்கிப் பர்ஸில் வைக்கப் போனார்.

"உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"மக கேட்டா, கையெழுத்துப் போட்டேன். ஊர்ல வோட்டர் ஐடி இருந்தாத்தானே மனுஷன். ஒரு ப்ரூஃப் கூடுதலா இருந்தா கேஸுக்கும் நல்லதுதான்."

"மேல என்ன எழுதியிருந்துச்சுன்னு படிச்சீங்களா?"

"நோன்பு திறக்கிற நேரத்துல யாரு புள்ள படிச்சா?"

நான் படித்திருக்கிறேன். அந்தப் படிவத்தின் முதல் கேள்வியே அதுதான்: நீங்கள் அமெரிக்கக் குடிமகனா? ஆம், இல்லை. இரண்டு கட்டம்.

அட்டையை அவரிடமிருந்து வாங்கிக் குர்ஆன் வைத்திருக்கும் அலமாரியில் வைத்தேன். ஏன் அங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 15

ஃபைஹாவுக்கு போன் செய்தேன். நிரப்பியது அவள்தான். கட்டத்தில் டிக் போட்டதும் அவள்தான்.

"வாப்பா சிட்டிசன்தானே? ரைட்?"

"இன்னும் வரல" என்று மட்டும் சொன்னேன்.

நான் உறுதிமொழி எடுத்த அன்று இவர் பின்வரிசையில் கேமராவோடு நின்றார். அவருடையது வேறொரு நாள் முடிந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளிடம் யார் சொன்னோம்? இந்த வீட்டில் பேப்பர் விஷயம் பிள்ளை முன்னால் பேசுவதில்லை. 2002இல் எஃப்.பி.ஐ.யிலிருந்து இரண்டு பேர் வந்து இவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டுவிட்டுப் போனபோதுகூட, இன்ஷூரன்ஸ் ஆட்கள் என்றுதான் சொன்னோம். அவர்களுக்கு அவளே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அக்டோபர் 17

வக்கீல் ஸ்வர்ணாவைப் பார்த்தோம். சின்ன வயது. நேராகப் பேசுகிறவர்.

"இதுவரைக்கும் எங்கேயாவது வோட் பண்ணியிருக்காரா?"

"இல்ல."

"இனியும் பண்ணக் கூடாது. எலெக்‌ஷன் அன்னைக்கு அந்தப் பக்கமே போகக் கூடாது. பேரை எடுக்கச் சொல்லி இன்னைக்கே லெட்டர் அனுப்புங்க, ரிஜிஸ்டர்டு போஸ்ட்ல."

குடியுரிமை நேர்காணலில் இதைக் கட்டாயம் கேட்பார்களாம்: எப்போதாவது வாக்காளராகப் பதிந்திருக்கிறீர்களா என்று.

"இல்லன்னா அது பொய். ஆமான்னா, ஏன்னு கேப்பாங்க. மனு ரிஜெக்ட் ஆகலாம். மோசமா எடுத்துக்கிட்டா டிப்போர்ட் பண்ணவும் சட்டத்துல இடம் இருக்கு. பயமுறுத்தலை, சொல்லணும்ல?"

இவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்ஸ்ல டிக் பண்ணது யாரு?" என்று கேட்டார் ஸ்வர்ணா.

"தெரியலை" என்றேன். எனக்குத் தெரியும். சட்டென்று வாயில் அதுதான் வந்தது.

அக்டோபர் 19

கடிதத்தில் இவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மேசையிலேயே கிடக்கிறது.

"அந்தக் கார்டக் கிழிச்சுப் போட்டா தீந்துச்சு. கவுன்டிக்காரனுக்கும் இமிக்ரேஷன்காரனுக்கும் பேச்சுவார்த்தையா இருக்கு? நாமளே போய்த் தலையக் குடுக்கணுமா?"

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. யாருமே பார்க்காமல் போகலாம். இந்தக் கடிதம்தான் அவர்கள் கண்ணில் படவைக்கும். இரண்டு நாளாக அதையே யோசிக்கிறேன். ஆனால் நேர்காணலில் அந்த ஒரு கேள்விக்கு இவர் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தால், அதற்குப் பிறகு ஒவ்வொரு தபாலையும் நான் எப்படிப் பிரிப்பேன்?

"அடிச்சது தெரியணும் மச்சான்" என்றேன். "கிழிச்சா நாம மறைச்சதா ஆயிடும்."

"இது உன் லேப் இல்ல."

அக்டோபர் 20

போட்டுவிட்டார். நானே தபால் நிலையத்துக்குப் போனேன்.

அக்டோபர் 24, பெருநாள்

ஃபைஹா வந்திருந்தாள். தொழுகை முடிந்து வந்து பிரியாணிக்கு உட்கார்ந்தோம். அவள் தட்டில் கைவைக்காமல் சொன்னாள்: "நான் சொல்லிடறேன். ஐ செக்ட் த பாக்ஸ். வாப்பாவுக்குத் தெரியாது. இட்ஸ் ஆன் மீ."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்." இவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை, அதுவும் பெருநாளில்.

"பட் தட்ஸ் த ட்ரூத், வாப்பா."

"இல்ல."

அப்புறம் மெதுவாக, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "மேல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நீ டிக் போட்டதையும் பார்த்தேன். எல்லாரும் சுத்தி நின்னாங்க. சந்தானம் நின்னான். நீ பேனாவ நீட்டுற. வாப்பாவுக்கு இன்னும் வரலம்மான்னு அங்க வெச்சு உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

ஃபைஹா எழுந்து போய்க் கை கழுவினாள். சாப்பிடாத கையை.

ப்ரூஃப் என்று சொன்னதெல்லாம் சும்மா. அவருக்கு வெட்கம், அவ்வளவுதான். மூன்று வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவிட்டதில்லை.

இப்போது முன்னைவிட பயமாக இருக்கிறது. தெரியாமல் போட்டார் என்றால் பிழை. தெரிந்தே போட்டார் என்றால் என்ன பெயர்? 'ஏன்' என்று அந்த அதிகாரி கேட்டால் என்ன சொல்வது? மகள் முன்னால் கூச்சமாக இருந்தது என்றா? அதற்கு ஆங்கிலத்தில் என்ன வார்த்தை இருக்கிறது?

அவளைக் காப்பாற்றினால் இவர் மாட்டுவார். இவரைக் காப்பாற்ற அவள் துடிக்கிறாள். எனக்கு இரண்டு பேரும் வேண்டும்.

அக்டோபர் 30

மாதிரி வாக்குச்சீட்டுகள் வந்தன. ஒன்று எனக்கு, ஒன்று ஃபைஹாவுக்கு. மூன்றாவது இவருக்கு.

பெயரை எடுக்கவில்லை. அலுவலகத்துக்கு போன் செய்தேன். கடிதம் வந்திருக்கலாம், தேர்தல் முடியட்டும் என்றாள் ஒரு பெண். என் பெயரைக் கேட்டாள். போனை வைத்துவிட்டேன்.

நவம்பர் 6

சந்தானம் போனில். ஸ்பீக்கரில் போட்டிருந்தார் இவர்.

"பாய், நாளைக்கு ஆறரைக்கு வாசல்ல ஹார்ன் அடிப்பேன். ரெடியா நில்லும் வே. ஒத்த சீட்டுல செனட்டே கவுந்துரும்ங்கான். நம்ம ரெண்டு வோட்டு இல்லாம அது நடக்கப்படாது."

"சரிப்பா" என்றார் இவர்.

"ஏன் சரின்னீங்க?"

"வேணாம்னா ஏன்னு கேப்பான்."

நவம்பர் 7, செவ்வாய்

காலையில் கண் விழித்தபோது இவர் குளித்து, சட்டை மாட்டி, தலை வாரிக்கொண்டிருந்தார்.

"எங்க?"

"சும்மா. கூடப் போயிட்டு வெளிய நின்னுட்டு வந்துடறேன்."

"பேர் அந்த வோட்டர் புக்ல இருக்கு. உள்ள கூப்பிட்டாங்கன்னா?"

"போட மாட்டேன் புள்ள."

"பேனாவ நீட்டினா?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. முகம் சுருங்கிவிட்டது. அதற்குள் ஹார்ன். நான் கோட்டை மாட்டிக்கொண்டு முதலில் இறங்கினேன். இவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே போகிறேன். சந்தானம் கண்ணாடியை இறக்கினார். "பாய் எங்க தங்கச்சி?"

பின்னாலிருந்து இவர் குரல் வந்தது. வாசற்படியிலேயே நின்றிருந்தார்.

"சந்தானம், நான் சிட்டிசன் இல்லப்பா. எனக்கு இன்னும் வரலை."

எதிர்வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். தமிழ் புரியாது, இருந்தாலும் திரும்பிப் பார்த்தேன்.

சந்தானம் கை நீட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டார். "சரி பாய். குளிருது, உள்ள போங்க" என்றார். "நீங்க ஏறுங்க தங்கச்சி."

சிக்னலில் வண்டி நின்றது. அப்புறம், "மூணு வருஷமா டெமாக்ரட், ரிபப்ளிக்கன்னு கார்ல எங்கூட அந்தச் சண்டை போட்டாரே. வோட்டே இல்லாமலா?" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பள்ளிக்கூட ஜிம்மில் வரிசை. மேசையில் பெரிய புத்தகம், ஒரு வெள்ளைக்காரக் கிழவி. என் பெயரைத் தேடிப் பக்கத்தைத் திருப்பினாள். இங்கே ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பதிவு செய்தபோது போட்ட கையெழுத்தை அச்சிட்டிருப்பார்கள். அதற்கு எதிரே நாம் மறுபடி போட வேண்டும். என் வீட்டு எண்ணுக்கு நேரே நான். எனக்குக் கீழே ஃபைஹா. அதற்கும் கீழே இவர் கையெழுத்து. பெயரில் பாதி தமிழ், மீதி ஆங்கிலம், கடைசியில் இரண்டு புள்ளி. கல்யாணப் பதிவேட்டில் போட்ட அதே கையெழுத்து. எதிரே கட்டம் காலியாக இருந்தது.

கிழவி அதில் விரலை வைத்தாள். கணவர் பிறகு வருவாரா என்று கேட்டாள். நல்ல முகம். வேறொன்றுமில்லை, சும்மா கேட்டாள்.

"வரமாட்டார்" என்றேன் ஆங்கிலத்தில். அவள் இன்னொரு முறை கேட்கவில்லை.

திரைக்குள் போய் யாருக்குப் பொத்தானை அமுக்கினேன் என்பது நினைவிருக்கிறது. ஏன் அவருக்கு என்பது நினைவில்லை. வெளியே வந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன், கட்டம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று.

நவம்பர் 8

சந்தானத்தின் ஆள் ஜெயித்துவிட்டார். இவர் டிவியை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். சந்தானம் வழக்கம்போல் வந்து ஹார்ன் அடித்தார்.

2007 மார்ச் 12

கவுன்டியிலிருந்து கடிதம். பெயர் நீக்கப்பட்டது. வாக்களித்ததாகப் பதிவு இல்லை. மூன்று நகல் எடுத்தேன்.

2007 செப்டம்பர்

நேர்காணலுக்கு அழைப்பு இன்னும் வரவில்லை. தபால் வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் இப்போது சமையலறையிலிருந்தே கேட்கிறது.

2008 மே 20

நேர்காணல், நியூவார்க்கில். இவரோடு ஸ்வர்ணா உள்ளே போனார். நானும் ஃபைஹாவும் வெளியே. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளையில் ரோடு கடக்கும்போது பிடிப்பாளே, அப்படி.

கதவு திறந்து வந்தபோது இவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. காரில் ஏறியபிறகுதான் சொன்னார்.

"கேட்டாங்க. ஆமான்னேன். யார் டிக் போட்டாங்கன்னாங்க. கையெழுத்து என்னோடது, பதில் நான்தான் சொல்லணும்னேன். குடிமகன் இல்லன்னு அன்னைக்குத் தெரியுமான்னாங்க."

"என்ன சொன்னீங்க?"

"தெரியும்னேன்."

ஃபைஹா பின்சீட்டில் மூச்சை இழுத்தது கேட்டது.

"ஏன் போட்டீங்கன்னாங்க. என் மக பாத்துட்டிருந்தா, வெட்கமா இருந்துச்சுன்னேன். அந்த ஆபீஸரம்மா பேனாவக் கீழ வெச்சுட்டு என்னப் பாத்தாங்க. அப்புறம் ரொம்ப நேரம் எழுதினாங்க."

"என்ன எழுதினாங்க?"

"தலைகீழாத் தெரிஞ்சுது. படிக்க முடியலை."

முடிவு தபாலில் வருமாம்.

2008 நவம்பர் 4

இந்த முறை ஜனாதிபதி தேர்தல், கூடவே மறுபடி செனட். வரிசை ரோடுவரை. புத்தகத்தில் ஃபைஹாவுக்குக் கீழே இப்போது வேறு யாரோ வீட்டுக்காரர். தபால் இன்னும் வரவில்லை.

2009 ஜனவரி 9

எனக்கு நேற்று ஐம்பது. ஃபைஹா கேக் வாங்கி வந்தாள். ஒருவேளை இவரை அனுப்பிவிட்டால் நானும் கீழக்கரைக்குப் போவேனா, இவள் படிப்பு முடியும்வரை இங்கே இருப்பேனா? கேக்கை வெட்டும்போது இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

2009 ஜூன் 12, வெள்ளி

நியூவார்க். மனுவை ஏற்றுக்கொண்டதாகத் தபால் வந்து, இன்று இவருக்கு உறுதிமொழி. பெரிய கூடம். இந்த முறை கேமரா ஃபைஹாவிடம். சந்தானம் லீவு போட்டு வந்திருந்தார், கோட்டு சூட்டில். "மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி இருக்கேன்லா?" என்றார்.

இவர் வலது கையை உயர்த்திச் சொன்னதை நான் கேட்கவில்லை. உதடு அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயாவது ஒரு கதவு திறந்து யாராவது வந்து நிறுத்திவிடுவார்களோ என்று கடைசி வார்த்தைவரை இருந்தது. யாரும் வரவில்லை.

வெளியே வரும் வழியில் ஒரு மேசை. தொண்டர்கள் இரண்டு பெண்கள். சான்றிதழோடு வருகிற எல்லோருக்கும் சிரித்துக்கொண்டே ஒரு படிவமும் பேனாவும் நீட்டினார்கள். அதே படிவம். மேலே அதே முதல் கேள்வி.

இவர் வாங்கிக்கொண்டு சுவரோரமாக வந்து நின்றார். இந்த முறை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார்.

"கோ அஹெட், வாப்பா" என்றாள் ஃபைஹா.

அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "இப்பப் போடலாமா புள்ள?"

போடலாம். எனக்குத் தெரியும். சான்றிதழ் என் கையில்தான் இருந்தது. அதில் அவர் பெயரை இன்னொரு முறை படித்துப் பார்த்தேன்.

"வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம் மச்சான்" என்றேன்.