இந்தச் சேனையும் உங்களுடையதுதான், மதினி

என் அன்பும் பொறாமையும் இன்னும் குறையாத மதினிக்கு,

உங்கள் மகள் வயிற்றுப் பேத்தி நர்ஸ் படிப்பை முடித்துவிட்டாள். அவள் தம்பி மாவட்டக் கபடி அணியில் ஆடுகிறான். என் மகன் வீட்டுப் பேரன் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே முதல். இவர்கள் பிறந்த அன்று நாக்கில் சீனித்தண்ணீர் வைத்துச் சேனை தொட்டது எல்லாம் நீங்கள். என் பேரனுக்குக்கூட, "அக்கா குணம் வரட்டும்" என்று உங்களைத்தான் கூப்பிட்டார் உங்கள் தம்பி. நான் சங்கைக் கழுவித் தந்தேன்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் மகன் குமரேசனுக்கும் என் கடைக்குட்டி தேவிக்கும் பையன் பிறந்தான். இந்த முறையாவது என் கை என்று, சங்கை முந்தானையில் முடிந்துகொண்டு தேனி ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் பிடித்துவிட்டாள்.

"ஆத்தா, தாய்ப்பாலைத் தவிர எதையும் வாயில வைக்கக் கூடாது."

நான்காம் நாள் பிள்ளை மஞ்சளாகிவிட்டான். குடித்த பாலையெல்லாம் கக்கினான், கண் திறக்கவில்லை. டாக்டரம்மா குதிகாலில் குத்தி, ரத்தத்தைக் காகிதத்தில் சொட்டு சொட்டாக எடுத்தார். "உங்க குடும்பத்துல பச்சப்பிள்ளைக இப்படித் தவறியிருக்கா?"

"இல்ல" என்றாள் தேவி. அவளுக்கு எப்படித் தெரியும்? பேர் வைக்குமுன் போன பிள்ளைகளைப் பற்றி நம் வீட்டில் பேசுவதில்லையே. தெரிந்தவள் நான் ஒருத்திதான். உங்கள் பிள்ளைகள் தவறிய நாளில் குழாயடியில், "மதினி பால் பிள்ளைக்கு ஆகாது" என்று சொன்ன வாயும் இதுதான். உங்கள் காதில் விழுந்ததா? ஏன் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை?

"ரெண்டு பிள்ளைக போச்சு டாக்டரம்மா, இவ அத்தைக்கு. ரெண்டும் மஞ்சளாகி, பால் கக்கி, பத்து நாளைக்குள்ள."

"இதை மொதல்லயே சொல்லக் கூடாதா பாட்டி?"

ரிசல்ட் வருமுன்பே பாலை நிறுத்திவிட்டார். சோயா பவுடர் கரைத்துக் கொடுத்தார்கள். தேவி நெஞ்சில் துணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரிசல்ட்டும் அப்படியே வந்தது: பாலில் உள்ள ஒரு சர்க்கரை அவன் உடம்புக்குச் செரிக்காது, பிறவிக் கோளாறு. "எந்தத் தாயோட பாலா இருந்தாலும் இதேதான்" என்றார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன், மதினி.

இப்போது அவனுக்கு எட்டு மாதம். இரண்டு பல். பார்க்க வருகிற சொந்தமெல்லாம், "பெரியாத்தாவோட செத்த பிள்ளைக ரெண்டும்தான் இவனைக் காப்பாத்துச்சு" என்றுதான் சொல்கிறார்கள். வாயைத் திறந்தது நான், பெயர் உங்களுக்கா? செத்தும் நீங்களே சேனை தொட்டுவிட்டீர்கள். வயிறு எரிகிறது.

குழாயடியில் பேசியது பொய். ஊரே படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு எழுதுகிறேன். கோயில் அபிஷேகப் பாலானாலும் ஒரு சொட்டு அவன் உதட்டில் படவிட மாட்டேன். இது சத்தியம்.

ஏலா தேவி, நீயும் இதைப் படிப்பாய். பல் தெரிய ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் போடு. போனில் இருப்பதை ஆணியில் மாட்ட முடியாது. உன் அத்தை படத்துக்குப் பக்கத்தில்தான் மாட்டுவேன். ஆனால் என் கட்டிலிலிருந்து பார்த்தால் முதலில் அவன்தான் தெரிய வேண்டும்.

உங்கள் தம்பி பொண்டாட்டி,
அவனுக்கு இன்னொரு பாட்டி,
சின்னமனூர்