பாதி விளிம்புக்கு உப்பு

மச்சான்,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று காலை அடுப்படியில் நின்று, நேற்றுப் புழங்கிய கண்ணாடி கிளாஸின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தேன். உங்கள் தங்கச்சி பார்த்துவிட்டாள்.

"கழுவித் தாங்கன்னா நக்கித் தர்றீங்களா? அப்ப வீட்டுல பூனை எதுக்கு?"

"உங்க அண்ணன் ஞாபகம் வந்துச்சு" என்றேன். அவள் திரும்பி நின்று அரிசி களைய ஆரம்பித்தாள். நான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அஞ்சாவதோடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பிணக்கு என்பது உங்களுக்குத் தெரியும். தப்பு இருந்தால் அங்கே வாத்தியார் யாராவது இருப்பார், காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் ஓட்டல் பாரில் கிளாஸ் கழுவுகிற வேலைதானே எனக்கு. லீவில் வந்தால் 'ஓட்டலில் இருக்கிறேன்' என்று மிடுக்காகச் சொல்வேன். நீங்கள்தான் பத்து பேர் நடுவில், "மாப்ள அங்க பாத்திரம் தேய்க்கிறாரு" என்று மானத்தை வாங்குவீர்கள். மற்ற கிளாஸையெல்லாம் தண்ணீரில் அலசினால் போதும். விளிம்பில் உப்பு ஒட்டியதை மட்டும் விரல் விட்டுத் தேய்க்க வேண்டும். எந்தக் கிறுக்கன் இதற்கு உப்புப் பூசினான் என்று திட்டிக்கொண்டே தேய்ப்பேன். ஒருநாள் பாரில் நிற்கும் சீனர் எனக்கே ஒன்று கலந்து கொடுத்தார். திட்டுவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பம்பளிமாஸ் சுளையை வெள்ளைத் தோல் ஒட்டாமல் உரித்து, பிழிந்து வடிகட்ட வேண்டும். நாரத்தங்காய்த் துண்டை கிளாஸின் வாயைச் சுற்றித் தடவி, தட்டில் பரப்பிய உப்பில் கவிழ்த்து ஒரு திருகு. தூள் உப்பு சரிப்படாது. வேதாரண்யத்துக் கல்லுப்பை அம்மியில் ஒரே இழுப்பு இழுத்தது வேண்டும். பிறகு ஐஸ், வோட்கா, சாறு. உதட்டில் உப்பு, நாக்கில் புளிப்பு, தொண்டையில் லேசான கசப்பு. உள்ளே வோட்கா இருப்பதே தெரியாது. அந்தத் தெரியாமையை நம்பித்தான், பாப்பா கல்யாணத்துக்கு முதல் நாள் நான் அந்தக் காரியத்தில் இறங்கினேன்.

உங்கள் மகள் சொன்ன சொல் அப்படி. சம்பந்தம் பேசி முடித்த அன்றே, உங்கள் முகத்துக்கு நேரே சொன்னாள். "குடிக்காம இருந்தா நீங்க மணையில உக்காந்து என்னைத் தாரை வாத்துக் குடுங்க. ஒரு வாய் குடிச்சாலும் மாமாவும் அத்தையும் உக்காரட்டும்." வாய்க்கால் கரையிலிருந்து உங்களைத் தூக்கி வந்து தூக்கி வந்து அலுத்த பிள்ளை. நீங்கள் குடியை அன்றைக்கு விட்டதுதான்.

முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையின் பெரியப்பாவும் இன்னும் இரண்டு பேரும் மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த என் வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்களைக் கவனிக்காமல் விட முடியாது. பெண்ணின் அப்பா உடன் உட்காராவிட்டால் மரியாதை இல்லை என்பார்கள். குடிக்க மாட்டேன் என்றால் ஏன் என்பார்கள், பழைய கதையெல்லாம் மண்டபத்துக்குள் வரும். அதனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி கலந்தேன், உங்களுக்கு மட்டும் வோட்கா இல்லாமல். அடையாளத்துக்கு உங்கள் கிளாஸில் பாதி விளிம்புக்கு மட்டும் உப்பு.

பெரியப்பாவுக்குக் கழுகுக் கண். "ஏன், சம்பந்திக்கு மட்டும் பாதி?"

"பிரஷர் இருக்கு, உப்பு ஆகாது" என்றேன்.

"அட, எனக்கும் பிரஷர்தானே! அடுத்ததுல எனக்கும் பாதி போடுங்க."

"அப்ப எனக்கும்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "எனக்கு சுகர்தான், பிரஷரும் வந்துக்கிட்டே இருக்கு" என்றார். நம் பக்கத்து ஆம்பளைகளுக்குச் சொத்து இருக்கோ இல்லையோ, பிரஷர் இருக்கும்.

இரண்டாம் சுற்றில் ஐந்து கிளாஸுக்கும் பாதி உப்பு. உங்களுடையதைத் தட்டின் ஓரத்தில் வைத்து, இடத்தைப் பார்த்துக்கொண்டேன். அதற்குள் பெரியப்பா அடுப்படிக்கே வந்துவிட்டார். "நான் எடுத்துட்டுப் போறேன், நீங்க வாங்க" என்று தட்டைத் தூக்கி, வாசற்படி தாண்டும்போது ஒரு சுற்றுச் சுற்றி, திண்ணையில் உங்கள் முன்னால் வைத்தார். எது ஓரம், எது நடு என்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

நீங்கள் ஒரு கிளாஸை எடுத்து மூக்கருகே கொண்டுபோனீர்கள். எங்கள் மூக்குக்குத் தெரியாதது உங்கள் மூக்குக்குத் தெரியும். தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. அந்த நேரத்தில் என் உயிர் என்னிடம் இல்லை மச்சான். பிறகு அதைப் பெரியப்பாவிடம் நீட்டினீர்கள். "நீங்க எடுத்துக்கங்க சம்பந்தி, பொண்ணு வீட்டுக்காரன் முந்தக் கூடாது." அடுத்ததை எடுத்து மோந்தீர்கள், அடுத்தவருக்குக் கொடுத்தீர்கள். பிறகு மூன்றாமவருக்கு. பிறகு எனக்கு. கடைசியாகத் தட்டில் நின்றதை எடுத்து நிம்மதியாகக் குடித்தீர்கள்.

"மரியாதைன்னா இதுல்ல!" என்று பெரியப்பா உருகினார்.

ஜன்னலுக்கு உள்ளே பாப்பா நின்றிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மறுநாள் மணையில் உங்களை உட்காரத்தான் விட்டாள். கையை நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் சொல்லிடுறேன் மச்சான்" என்று பந்தியில் பதறினேன்.

"வேணாம் மாப்ள. குடிக்கலன்னு குடிகாரன் எத்தனை தடவை சத்தியம் பண்ணியிருப்பேன். இதையும் அதோட சேத்துக்குவா. நான் இருந்து காட்டுறேன்."

இருந்தீர்கள். ஒரு சொட்டுத் தொடாமல் இருந்தீர்கள். போன குறுவைக்கு நாற்று விட்ட கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போகும்வரைக்கும்.

நேற்று பாப்பாவும் அவள் வீட்டுக்காரரும் விருந்துக்கு வந்தார்கள். நான் பம்பளிமாஸ் உரித்துக்கொண்டிருந்தேன். பாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு ஒரு நாள் மட்டும் அப்பா ஏன் மாமா குடிச்சார்? நான் சொன்னதுலேருந்து அதுக்கு முன்னயும் தொடல, பின்னயும் தொடல. அது ஒண்ணுதான் உறுத்திக்கிட்டே இருக்கு."

சொல்ல வேண்டாம் என்றீர்கள். நான் சொல்லவில்லை. ஒரு கிளாஸை எடுத்துப் பாதி விளிம்புக்கு உப்புத் திருகி, சாறு ஊற்றி நீட்டினேன்.

"எனக்கு எதுக்கு மாமா இந்தக் கருமம்?"

"குடி. உங்கப்பா குடிச்சதுதான்."

உதட்டில் வைத்தாள். இன்னொரு வாய் குடித்தாள். "இதுல ஒண்ணுமே இல்லையே."

"அன்னைக்கும் இல்ல."

"பொய் சொல்லாதீங்க மாமா. ஒவ்வொரு கிளாஸா எடுத்து எடுத்து மோந்தாரே, நான் பாத்தேனே."

"எதுல இல்லன்னு தேடினாரும்மா."

அவள் அழவில்லை. உங்கள் மகளாயிற்றே. கிளாஸைக் கீழேயும் வைக்கவில்லை. ஐஸ் கரைந்து தண்ணீராகும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இன்னொண்ணு போடுங்க மாமா" என்றாள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்தக் கல்யாணத்திலிருந்து, எப்போது கலந்தாலும் ஒரு கிளாஸ் அப்படி வோட்கா இல்லாமல் கலந்து தட்டில் சேர்த்துவிடுவேன். யாருக்கு என்று சொல்ல மாட்டேன், எடுத்தவரிடம் ஏன் என்று கேட்கவும் மாட்டேன். இதுவரை அது தட்டில் மீந்ததில்லை.

நேற்று பாப்பாவுக்குக் கலந்த கையோடு எங்களுக்கும் கலந்தேன். மாப்பிள்ளை இரண்டு கிளாஸ் குடித்தார். உங்களைப் பற்றிப் பேசிக் கண் கலங்கினார், தலை சுற்றுகிறது என்று கார் சாவியை பாப்பாவிடம் கொடுத்துவிட்டார். நானும் இரண்டு குடித்தேன். எனக்கும் கொஞ்சம் கிறுகிறுப்பாகத்தான் இருந்தது. இன்று கிளாஸையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நேற்றைக்கென்று வாங்கிய ஒரே வோட்கா பாட்டிலை பீரோவில் வைக்க எடுத்தேன். சீல் இன்னும் உடையவே இல்லை.