எங்கட பக்கம் ஒருத்தரும் இல்லை

ஜூலை 14, செவ்வாய்

பதினான்கு வயது மகள் துளசிக்கு ஏடிஎச்டி எனும் கவனச்சிதறல், பதற்றவேகக் குறைபாடு என்று டொக்டர் இன்று உறுதியாகச் சொன்னார். பெரும்பாலும் பரம்பரையாக வருமாம். மூளையின் பிரேக் பிந்தித்தான் பிடிக்குமாம். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்.

"எங்கட பக்கம் ஒருத்தரும் இல்லை" என்று உடனே சொல்லிவிட்டேன்.

மனைவி தயங்கி, "என்ர தம்பி சின்னனில சரியான குழப்படி" என்றாள். டொக்டர் அதை எழுதிக்கொண்டார்.

பள்ளியில் வாத்தியார் மேல் கதிரையைத் தூக்கி எறிந்து, பள்ளியை விட்டே கலைக்கப்பட்டவன் நான். இங்கே சிட்னியில் மூன்று வேலைகளை ஒரு நொடிக் கோபத்தில் உதறியவன். கலியாணம் பேசியபோது வீட்டார் அந்தப் பள்ளிக் கதையை மறைத்தார்கள். பிறகு மனைவிக்கு எல்லாம் தெரியவந்தது. ஆனாலும் இன்று என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

திரும்பும் வழியில், பரமட்டாச் சந்தியில் பச்சை விளக்கு விழுமுன்னே காரை எடுத்துவிட்டேன்.

"அப்பா, ரெட்!" என்று பின்சீட்டிலிருந்து துளசி கத்தினாள். பிரேக்கை மிதித்தேன்.

அவள் என் தோளைத் தட்டினாள். "இட்ஸ் ஓகே அப்பா. நானும் இப்பிடித்தானே."

மனைவி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். டொக்டரின் தாளில் இன்னும் அவளுடைய தம்பிதான் இருக்கிறான்.