பேரிங் பார்த்தாச்சு என்று எழுதியிருந்தேன்

செப்டம்பர் 7, ஞாயிறு

அன்பு மகள் ஷெல்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் முழுசாக இருக்கிறோம், வீடும் நிற்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காட்டுத்தீ செய்தி உன் கடற்படைக் கப்பல்வரைக்கும் வந்திருக்கும். நீ இப்போது ஜப்பானில் கரையில் இருக்கிறாயா, கடலில் இருக்கிறாயா என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை, எங்கே இருந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இரு. போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். போனில் என்றால் நீ குறுக்கே குறுக்கே கேட்பாய், நான் பாதியை விழுங்கிவிடுவேன். காகிதம் என்றால் முழுசாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து போய் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துவிட்டு வந்தேன். புகை ஒன்றும் இல்லை. இருந்தாலும் கால் நிற்கமாட்டேன் என்கிறது.

ஜூன் கடைசியில் அப்பாவுக்கு வலது இடுப்பு ஆபரேஷன் ஆனதிலிருந்து பிக்கப் ட்ரக் என் பொறுப்பாகிவிட்டது என்று உனக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் அதை வாங்கி வந்தபோது இது வண்டியா வீடா என்று நான் கேட்டேன், கடைவாசலில் நிறுத்தினால் ஒரு வண்டிக்குப் போட்ட கோட்டுக்குள் அடங்காது, ஏறுவதற்கே படி வேண்டும். ஓட்டிப் பழகிய பிறகு வேறு மாதிரி இருக்கிறது. மாடு ஏற்றிய ட்ரெய்லரைக் கட்டிக்கொண்டு மேடு ஏறும்போது அது மூச்சு வாங்குவதே இல்லை. நீ போன லீவில் ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போன தாளைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். எஞ்சின் ஆயில், டீசல் ஃபில்டர், யூரியா டாங்கி, பின் டயருக்கு எண்பது பவுண்டு காற்று, எல்லாம் சரியாகச் செய்தேன். கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றும்போது டவுன் மெக்கானிக் பழைய எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்து, இன்னும் ஒரு சீசன் விட்டிருந்தா கியர்பாக்ஸ் கருகிப் போயிருக்கும்மா, உன் பொண்ணுகிட்ட சொல்லு என்றான். சொல்லிவிட்டேன். தாளில் கடைசி வரி ட்ரெய்லர். சக்கரத்தைக் கழற்றி பேரிங் பார், கிரீஸ் வை, பிரேக் வயர் பார் என்று எழுதியிருந்தாய். ட்ரெய்லர் கொட்டகைக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடந்தது. இன்றைக்கு, நாளைக்கு, வைக்கோல் கட்டு முடியட்டும், அப்பாவின் தையல் பிரியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஜூலையில் உனக்கு எழுதிய கடிதத்தில் பேரிங் எல்லாம் பார்த்தாச்சு என்று எழுதினேன். பார்க்கவில்லை ஷெல்பி. கிரீஸ் டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. நீ கவலைப்படக் கூடாது என்று எழுதினேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது இல்லை. நீ கேட்ட ஒன்றைச் செய்யாத அம்மாவாக உன் முன்னால் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

தீ வந்தது ஆகஸ்ட் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை. ஞாயிறு அன்று மேலே பள்ளத்தாக்கில் இடி விழுந்து புகைந்துகொண்டிருந்தது, செவ்வாய் பகலில் காற்று திரும்பிவிட்டது. பக்கத்துப் பண்ணை டியானா போன் செய்து, ரோண்டா, என் குதிரைங்க ஆறு நிக்குது, என் வண்டி மெக்கானிக் கடையில கிடக்கு, ட்ரெய்லரைக் கட்டிக்கிட்டு ஓடி வா என்றாள். நான் சாவியை எடுத்தால் அப்பா கைத்தடியோடு எனக்கு முன்னால் ட்ரக் கதவருகே நிற்கிறார், நான் ஓட்டுறேன் என்கிறார். டாக்டர் இன்னும் பிரேக்கில் கால் வைக்கவே விடவில்லை. உங்க காலு பிரேக்க தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள நாம ஆத்துல இருப்போம், தள்ளுங்க லைல் என்றேன். தள்ளினார், ஆனால் வீட்டுக்குள் போகவில்லை. நான் பின்னால் எடுக்க எடுக்க கைத்தடியை ஆட்டி, இடது, இடது, ஐயோ உன் இடது இல்ல என் இடது என்று கத்தினார். மூன்றாவது தடவையில் ட்ரெய்லரின் மூக்கு ட்ரக்கின் பின்னால் நீட்டியிருக்கும் இரும்புக் குண்டுமேல் உட்கார்ந்தது. பூட்டினேன், சங்கிலி மாட்டினேன், வயரைச் செருகினேன், விளக்கு எரிந்தது. அப்போது அப்பா சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, பேரிங்குக்குக் கிரீஸ் வச்சியா என்று கேட்டார். வச்சாச்சு என்றேன். அந்த ஒரு நிமிஷத்தை எத்தனை தடவை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன் தெரியுமா? இல்லை என்று சொல்லியிருந்தாலும் போயிருப்பேன்தான், வேறு வழி இல்லை. ஆனால் மெதுவாகப் போயிருப்பேன், நடுவில் இறங்கி ஒரு தடவையாவது சக்கரத்தைத் தொட்டுப் பார்த்திருப்பேன்.

டியானாவின் குதிரைகளை டவுன் சந்தைத் திடலில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, மேலே ஆர்வில் டாஸ்கர் வீட்டைவிட்டு வரமாட்டேன் என்கிறாராம், யாராவது போங்கள் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். பள்ளத்தாக்கின் கடைசி வீடு, எழுபத்தொன்பது வயது, மூன்று கோவேறு கழுதைகளைத் தவிர அவருக்கு யாரும் இல்லை. நான் போனபோது வாசலில் தோட்டக் குழாயைப் பிடித்துக்கொண்டு கூரையை நனைத்துக்கொண்டிருந்தார். வானம் ஆரஞ்சாக இருக்கிறது, அவர் நிதானமாக நனைக்கிறார். ஏறுங்க ஆர்வில் என்றேன். நான் அப்புறம், மொதல்ல என் பசங்க என்றார். பீட்டும் பட்டனும் சத்தம் போடாமல் ட்ரெய்லரில் ஏறிவிட்டன. டச்சஸ் கிழவி, இருபத்திரண்டு வயது, ட்ரெய்லர் கதவருகே நின்று யோசித்தது. அவர் அதன் காதில் என்னமோ திட்டினார், உடனே ஏறியது. குழாயை மூடாமலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த இறக்கத்தில் ட்ரக் ஒரு குறையும் வைக்கவில்லை, அதை உனக்குச் சொல்ல வேண்டும். இழுவை சுவிட்சை அழுத்தி எஞ்சின் பிரேக்கில் விட்டேன், தானே கியரை இறக்கிப் பிடித்துக்கொண்டு சரளை ரோட்டில் பொறுமையாக இறங்கியது, கியர்பாக்ஸ் சூட்டு முள் நடுவைத் தாண்டவில்லை. இரண்டு மைல் வந்திருப்போம். ஆர்வில் மூக்கை உறிஞ்சி, இது மரம் எரியற வாசனை இல்ல ரோண்டா, இரும்பு என்றார். கண்ணாடியில் பார்த்தேன். ட்ரெய்லரின் இடது பின் சக்கரத்திலிருந்து கருப்பாகப் புகை. இறங்கிப் போனால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது, நடுவில் தகடு சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறது, ஆர்வில் அதன்மேல் எச்சில் துப்பினார், சுர்ரென்றது. பேரிங் போயிருச்சு, இன்னும் ஒரு மைல் போனா சக்கரம் தனியா ஓடும் என்றார். என் பின்னால் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. ஒரு வண்டி அகலம்தான் அந்த ரோடு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நான் நடுவில். முதல் வண்டியிலிருந்து ஒரு சின்ன வயதுப் பெண் இறங்கி வந்தாள், கோடைக்கு வந்து தங்கியிருப்பவள் போல. எங்களுக்கு வழி விடுங்கம்மா, உள்ள மூணு குழந்தைங்க இருக்கு என்று கையைக் கூப்பாத குறையாகக் கேட்டாள். ஷெல்பி, அந்தக் குழந்தைகளுக்கும் ரோட்டுக்கும் நடுவில் நின்றது நான் உனக்கு எழுதிய அந்த ஒரு வரி. வேறெதுவும் இல்லை.

எப்படிச் செய்தேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. ஆர்வில் கழுதைகளை இறக்கிப் பிடித்துக்கொண்டார். ஐம்பது அடி தள்ளி பாறைப் பக்கம் கொஞ்சம் அகலம் இருந்தது. சுற்றாத சக்கரத்தோடு ட்ரெய்லரை ட்ரக் தரதரவென்று இழுத்தது, பிறகு நான் பின்னால் எடுத்து அதைப் புதருக்குள் குத்தினேன், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரே முயற்சியில். அந்தப் பெண் ஓடி வந்து சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தாள். சங்கிலியை, வயரைக் கழற்றி, ட்ரெய்லரை அங்கேயே விட்டுவிட்டேன். இரண்டு வண்டிகளும் உரசிக்கொண்டு போயின. கடைசிக் குழந்தை பின் கண்ணாடி வழியாகக் கழுதைகளுக்குக் கையாட்டியது.

பிறகு நாங்கள். ஆர்வில் ட்ரக்கின் பின் கதவை இறக்கி அதன்மேல் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, மூன்று கயிற்றையும் கையில் சுற்றிக்கொண்டு, ஓட்டு, ஆனா அதுங்க ஓடற வேகத்துக்கு ஓட்டு என்றார். ஓட்டினேன். பின்னால் அவர் பேசிக்கொண்டே வந்தார், வாடா பீட், சோம்பேறி, டச்சஸ் என் ராணி, இன்னும் கொஞ்சம் என்று. சாம்பல் கண்ணாடியில் விழுந்துகொண்டே இருந்தது. மரப்பாலத்துக்கு முன்னால் திருப்பத்தில் தண்ணீர் வாளி தொங்கும் ஹெலிகாப்டர் ஒன்று தலைக்குமேல் தாழப் பறந்தது. டச்சஸ் பின்னங்காலில் எழுந்து நின்று, பின் கதவில் ஒரு உதை விட்டு, கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு மேடேறி ஓடிவிட்டது. நிறுத்து, நிறுத்துடி என்று ஆர்வில் தகரத்தில் அடித்தார். மேட்டின் மறுபக்கம் தீ வந்துவிட்டது கண்ணாடியில் தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. அவர் அடித்துக்கொண்டே வந்தார், பாலம் தாண்டியும் அடித்தார், பிறகு அடிக்கவில்லை. ரோட்டு முனையில் நிறுத்தி இறங்கிப் பார்த்தபோது பீட்டும் பட்டனும் நுரை தள்ளிக்கொண்டு நின்றன, அவர் உள்ளங்கையில் தோல் இல்லை.

அவர் வீடு போய்விட்டது. கூரையை நனைத்ததெல்லாம் வீண். அன்றிலிருந்து உன் அறையில் இருக்கிறார், நீ ஒன்றும் நினைக்கமாட்டாய் என்று தெரியும். ட்ரெய்லர் எரிந்து வெறும் எலும்புக்கூடு. அப்பாவிடம் மறுநாளே சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. நான் உன்கிட்ட கேட்டேன்ல ரோண்டா என்று மட்டும் சொல்லிவிட்டு ட்ரக்கின் காற்று ஃபில்டரைக் கழற்றிச் சாம்பலைத் தட்டப் போய்விட்டார், ஒரு மணி நேரம் தட்டினார். ஆனால் ஆர்விலிடம் சொல்ல வாய் வரவில்லை. சர்ச்சில் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தொட்டு, இவ இல்லேன்னா நானும் என் பசங்களும் கரிக்கட்டை என்று சொல்கிறார். கேட்கக் கேட்க எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பன்னிரண்டு நாள் தாங்கினேன். ஒரு நாள் காலையில் அவர் தட்டில் முட்டையை வைத்துவிட்டு அப்படியே நின்றபடி சொன்னேன். பேரிங் தானாப் போகல ஆர்வில், நான் பாக்காம விட்டேன், பாத்தேன்னு பொய் சொன்னேன். நான் ஒழுங்கா இருந்திருந்தா டச்சஸ் ட்ரெய்லருக்குள்ளேயே டவுனுக்குப் போயிருக்கும். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அதுக்கு இருபத்திரண்டு வயசு, உன் வீட்டுப் பொய் எதுவும் அதுக்குத் தெரியாது என்றார். முட்டையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து அப்பாவிடம் பேசுவார், பீட்டிடம் பேசுவார், என்னிடம் பேசமாட்டார். நான் வைப்பதைச் சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார், அவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை டியானா போன் செய்தாள். கிழக்கு மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணைக்காரர் தன் மாடுகளை எண்ணும்போது ஒன்று கூடுதலாக இருந்ததாம், பார்த்தால் கோவேறு கழுதை. டச்சஸ்தான்! இரவல் ட்ரெய்லர் கொண்டுவந்தேன். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நாலு சக்கரத்தையும் நானே கழற்றினேன், பேரிங்கைத் துடைத்துக் கிரீஸ் வைத்தேன், முழங்கைவரை கிரீஸ். ஆர்வில் வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அந்த வாரம்தான் அப்பாவை ஓட்டலாம் என்று சொல்லியிருந்தார், அதனால் அவர் ஓட்டினார், நான் நடுவில், ஆர்வில் ஓரத்தில். டச்சஸின் ஒரு காது நுனி கருகியிருந்தது, வாலில் முடி இல்லை, விலா தெரிந்தது, குளம்புகளைப் பார்த்த கால்நடை டாக்டர் ஒன்றும் ஆகவில்லை என்றார். ஆர்வில் அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஆனால் ட்ரெய்லரைக் கண்டதும் அது நாலு காலையும் ஊன்றிவிட்டது. ஓட்ஸ் காட்டினார், திட்டினார், கெஞ்சினார், ஏறவில்லை. சரி, நடந்தே போறோம் என்றார். வீட்டுக்கு நாலு மைல். அப்பா காலி ட்ரெய்லரோடு விளக்கை மினுக்கவிட்டுக்கொண்டு நடை வேகத்தில் பின்னால் வந்தார். நான் இறங்கி, பத்தடி தள்ளி ரோட்டோரமாக நடந்தேன், கூட நடக்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. பின்னால் வண்டிகள் சேர்ந்துகொண்டே போயின, ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. முதல் மைல் கல்லைத் தாண்டியதும் ஆர்வில் நின்றார். கட்டுப் போட்ட கையை உதறிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமலே கயிற்றை நீட்டி, கொஞ்சம் புடி, தளர்த்திப் புடி, இழுத்தா அதுக்குப் பிடிக்காது என்றார். வாங்கிக்கொண்டேன். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்துகொண்டே இருந்தார். மீதி மூன்று மைலும் டச்சஸின் கயிறு என் கையில்தான் இருந்தது.

கடவுள் உன்னைக் கரையிலும் கடலிலும் கைவிடாமல் காக்கட்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். நீ லீவு கேட்டுக்கொண்டு ஓடி வர வேண்டாம், டிசம்பரில் வந்தால் போதும். ஃபிரிட்ஜில் இருக்கும் தாள் கிரீஸ் பட்டு எழுத்து தெரியவில்லை, வேறு ஒன்று எழுதி அனுப்பு, முன் பிரேக் கட்டையை எத்தனை மைலுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்பதையும் அதில் சேர். இனிமேல் செய்யாததைச் செய்யவில்லை என்றே எழுதுவேன், நீயும் அங்கிருந்து அப்படியே எழுது.

உன் அம்மா
ரோண்டா