ஐந்து வருடம் தொடக்கூடாத பணம்

அக்கா,

உன் கடைசி வருமானவரிக் கணக்கைப் போடுவதற்காக இன்று உன் பச்சை ஃபைலைத் திறந்தேன். திருச்செந்தூர் இலை விபூதி வாசம் குப்பென்று வந்தது. வங்கி ரசீது ஒவ்வொன்றுக்கும் நடுவில் விபூதி மடித்த ஒரு பன்னீர் இலையை வைத்திருக்கிறாய். டெபாசிட் பத்திரத்துக்கு விபூதி வைத்தவள் பாளையங்கோட்டையிலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

செத்துப்போனாலும் கணக்குக் காட்ட வேண்டும். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நீ போன நாள் வரைக்கும் வந்த சம்பளமும் வட்டியும் உன் வருமானம். அதற்குப் பிறகு வருகிற வட்டி வாரிசான என் வருமானம். முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறவன், உனக்குப் போடும்போது கை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முந்தைய மார்ச் நினைவிருக்கிறதா? தலைமை ஆசிரியைச் சம்பளமும் வயல் விற்ற பணத்தின் வட்டியும் சேர்ந்து ஆறரை லட்சத்தைத் தொட்டிருந்தது. அந்த வயல் பணத்தில் ஒன்றரை லட்சத்தை ஐந்து வருட வரிசேமிப்பு டெபாசிட்டாக மாற்றினால் வரிக்கழிவு கிடைக்கும், கணக்கில் வருமானம் ஐந்து லட்சத்துக்கு இறங்கும், அதுவரைக்கும் தள்ளுபடி இருப்பதால் வரியே வராது, நாற்பதாயிரம் மிச்சம் என்று பெருமையாக விளக்கினேன்.

"ஏலே, அந்த வரியக் கட்டிட்டுத்தான் போவோமே. ரூவா கைக்கு எட்டுத மாதிரி கெடக்கட்டும்" என்றாய்.

"சும்மா தூக்கிக் குடுக்கச் சொல்லுதியா? உனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா" என்று சிரித்தேன். அடுத்த இரண்டு மார்ச்சிலும் அதே தொகைக்கு நீ ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாய். வயல் பணம் மொத்தமும் அப்படியே உள்ளே போய்விட்டது.

வயிற்றில் கட்டி, உடனே மதுரையில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றபோது வங்கிக்கு ஓடினேன். "அஞ்சு வருசம் முடியாம தொட முடியாது அண்ணாச்சி. இதுமேல கடனும் குடுக்க விதி இல்ல" என்றார் மேனேஜர். அந்த விதி அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கெஞ்சினேன். அங்கே இங்கே புரட்டி மதுரைக்குப் போகும்போது இரண்டு மாதம் ஓடிவிட்டது. பரவிவிட்டது, முன்னாலேயே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். திரும்பி வரும்போது கோவில்பட்டி தாண்டியதும் நீதான் பேசினாய்: "விடுலே, வரியாவது மிச்சமாச்சுல்லா." கேலி இல்லை. என்னைத் தேற்றத்தான் சொன்னாய். அது எனக்கு இன்னும் தாங்கவில்லை.

டெபாசிட் போட்டவர் இறந்துவிட்டால், ஐந்து வருடம் ஆகாவிட்டாலும் நாமினி அதை உடைக்கலாம். உன் நாமினி நான்தான். அதே மேனேஜரிடம் உன் இறப்புச் சான்றிதழை நீட்டினேன். ஒரே வாரத்தில் நாலரை லட்சமும் வட்டியும் வந்து சேர்ந்தது.

கணக்கை முடித்துவிட்டேன். உன் வைத்தியச் செலவுக்கும் கழிவு உண்டு. அதையும் போட்டதில் இந்த வருடமும் உனக்கு வரி பூஜ்யம். மூன்று முறை சரிபார்த்தேன், எங்கும் தப்பில்லை. பணம் என் கணக்கில் கிடக்கிறது. இனி எந்த நேரமும் எடுக்கலாம், அக்கா.