‘அரசு’ விட்டுப்போன ஊழியம்

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. கோட்டில் பூஞ்சை வாடை. வாங்க: மெழுகுவத்தி, சோப்பு, ரப்பர் செருப்பு. திண்ணனூர் நாட்டு ஊர்களில் மாடுகளுக்குத் தடுப்பூசி இன்னும் பாக்கி.

மதியம் அப்பா போன். சனிக்கிழமை ஊர்ச் சபையிலிருந்து வேன் வருகிறதாம், என் ஊழியத்தைப் பார்க்க. பாஸ்டரும் வருகிறார். 

இந்த மலையில் எனக்குக் கால்நடை மருத்துவர் வேலை கிடைத்தபோது, அப்பா ஜெபக்கூட்டத்தில் எழுந்து, மகளுக்குக் கொல்லிமலையில் அரசு ஊழியம் கிடைத்திருக்கிறது என்றார். ‘வேலை’ என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். கேட்டவர்கள் காதில் ‘அரசு’ விழவில்லை; சபையில் ஊழியம் என்றால் மதப்பணிதான். அடுத்த வாரமே ஜெபக்குறிப்பில் நான்: மலை ஜனங்களிடையே ஊழியம் செய்யும் சகோதரி.

அப்பா திருத்தவில்லை. முப்பது வருடம் அந்தச் சபைக் கோயிலில் கோயில்குட்டி. மணி அடிப்பது, பெருக்குவது, பெஞ்சு துடைப்பது. ஆராதனை முழுக்க வாசலோரம் நின்றவர். மிஷனரியின் தகப்பன் ஆனதும் முன் பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். நான் வாயைத் திறந்தால் அவர் எழுந்து பின்னால் போக வேண்டும். அதனால் மூன்று கிறிஸ்துமஸாக நானும் தலையாட்டிக்கொண்டே வருகிறேன்.

நவம்பர் 5, புதன்

மூடுபனி. எதிர்வீடு தெரியவில்லை.

பொன்னாயி அக்கா வந்து கதவைத் தட்டினார். அவர் வீட்டுப் பின்னறையில்தான் குடியிருக்கிறேன். மாடு கன்று போட முடியாமல் தவிப்பு. கன்றின் தலை பின்பக்கம் மடிந்து கிடந்தது. தோள்வரை கையை விட்டு, உள்ளே தள்ளி, மூக்கைத் தேடிப்பிடித்து... ஒரு மணி நேரம். கிடேரி. உயிரோடு.

ஒன்று எழுத வேண்டும், யாரிடமும் சொல்ல முடியாது. அப்படிக் கை உள்ளே இருக்கும்போதுதான் எனக்கு ஜெபம் வருகிறது. கோயிலில் வருவதில்லை. பள்ளி நாளிலிருந்து வாலிபர் முகாம்களில் முழங்காலில் நின்றிருக்கிறேன். ஊழியத்துக்குக் கர்த்தரின் அழைப்பு வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள் என்பார்கள். பக்கத்துப் பிள்ளைகள் அழுதபடி எழுவார்கள். எனக்கு முட்டிவலிதான் வந்தது.

இப்போது பிடித்த வேலையைச் செய்துவிட்டுக்கூட நிம்மதியாக உட்கார முடியவில்லை. இதையும் ஊழியக் கணக்கில் எழுதிவிடுவார்களே என்று எரிச்சல்.

நவம்பர் 6, வியாழன்

மழை. தலைவலி. மாத்திரை தீர்ந்தது (எனக்கு. மாட்டுக்கு இருக்கிறது).

பள்ளித் தலைமையாசிரியரிடம் மட்டும் வேன் விஷயத்தைச் சொன்னேன். சேலத்துக்காரர், நல்லவர். “மேடம், கையில மதத் துண்டுப்பிரசுரத்தோட ஒரு போட்டோ வந்தாப் போதும், உங்க வேலைக்கே உலை வெச்சிருவாங்க” என்றார். அக்கா வீட்டார் என்ன நினைப்பார்கள்? மாட்டைப் பார்க்க வந்தவள் சாமியை மாற்ற வந்தாளா என்று கேட்டால்?

திட்டம்: நேராக வாசலூர்பட்டி படகுத்துறை. பிறகு சோளக்காடு சந்தையில் அன்னாசிப்பழம். இருட்டுவதற்குள் இறக்கிவிடுவது. ஊருக்குள் விடவே கூடாது.

அப்பாவிடம் போனில் வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன். புதுச்சட்டை எடுத்திருக்கிறாராம். சொல்லவில்லை.

நவம்பர் 8, சனி

வேன் வந்து போயிற்று. 

கொண்டையூசி வளைவுகளில் பாதிப்பேர் வாந்தி. படகில் ஏறினார்கள், பாட்டுப் பாடினார்கள். அன்னாசியும் தின்றார்கள். ஆனால் பாஸ்டர் விடவில்லை. தங்கச்சி, ஜனங்களைப் பார்க்கணுமே என்று வீடுவரை வந்துவிட்டார். வாசலில் பொன்னாயி அக்கா. தங்கச்சி உங்களுக்கு என்னம்மா போதிச்சாங்க என்று அவரிடம் கேட்டார் பாஸ்டர்.

அக்கா யோசித்துவிட்டு, “செனை ஊசி போட்ட அன்னிக்கு மாட்ட அடிக்காதீங்க, வெரட்டாதீங்கன்னு சொன்னாங்க சாமி” என்றார்.

“பாத்தீங்களா, அன்பைப் போதிக்கிறாங்க” என்றார் பாஸ்டர். ஒரு அல்லேலூயா வேறு.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. எல்லார் முன்னாலும் சொன்னேன்: “ஐயா, நான் மாட்டு டாக்டர். அரசு சம்பளம். என்னை எந்த அழைப்பும் அனுப்பல. நான் யாருக்கும் எதையும் போதிக்கல.”

அப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன தாழ்மை, என்ன தாழ்மை என்று என் தலையில் கை வைத்தார். புதுவருட ஆராதனையில் என்னை மிஷனரியாகப் பிரதிஷ்டை செய்யப்போகிறார்களாம். எல்லாரும் கைதட்டினார்கள். உண்மையைச் சொல்லியும் மாட்டிக்கொண்டேன். பொய் சொல்லியிருந்தாலாவது ஒருநாள் பிடிபட்டிருப்பேன்.

வேன் கிளம்பும்போது அப்பாவின் புதுச்சட்டையில் அன்னாசிச் சாறு.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில் கொஞ்சம். கோட்டைக் காயப்போட்டேன். கிடேரி நன்றாகக் குடிக்கிறது. போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆராதனை முடிகிற நேரம் தாண்டிப் போயிற்று.

மத்தியானம் அப்பா.

“ஐயாட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன் பிள்ள. ஒன்னைப் பத்தி அவிய சொன்னத நான் திருத்தவே இல்லன்னு சொல்லிட்டேன்.”

இன்று எங்கே உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“பொறத்தால. மணிக்கயிறுகிட்ட. அங்க காத்து நல்லா வருது.”

 அவரே தொடர்ந்தார். “ஐயா கேட்டாவ, அப்பம் ஒம் மவளுக்கு அழைப்பே இல்லியான்னு. எனக்குச் சொல்லத் தெரியல. முப்பது வருசம் மணி அடிச்சு ஊரையே கூப்ட்டேன் பிள்ள. என்னை வா, வந்து உள்ள உக்காருன்னு அவிய கூப்ட்டது ஒன்னாலதான். அத விட மனசு வரல எனக்கு.”

அழுதேன். அவருக்குக் கேட்டிருக்கும். 

“அந்த மாட்டுக்குள்ள கைய விடுதியே, பயமா இருக்குமா ஒனக்கு?”

இல்லை என்றேன்.

“அப்பம் சரி” என்று வைத்துவிட்டார்.