கதவு எண் எழுதிய பை

அன்புள்ள சிட்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ, மாப்பிள்ளை, குட்டிப் பாப்பா மூன்று பேரும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று அடுத்த வரியை எழுதிவிட்டு அடித்துவிட்டேன், காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் உனக்கே தெரியும். பதறாதே, யாரும் படுத்த படுக்கையாக இல்லை. போனில் சொல்லலாம் என்று நாலைந்து தடவை கூப்பிட்டேன், நீ அப்பா என்றதும் மழையைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வாயால் வராததைக் கையால் எழுதிப் பார்க்கிறேன். உன் அம்மாவுக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன், அவளே, நீங்க எழுதிடுங்க, என்னால அவகிட்ட சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டாள்.

மறுசுழற்சி வண்டி நம் கட்டடத்துக்கு வரப்போகிறது என்று பெருமையாக உனக்குச் சொல்லியிருந்தேன் இல்லையா, எல்லாம் அதில்தான் ஆரம்பம். முன்பெல்லாம் அந்த வண்டி பெரிய கடைகளுக்கு மட்டும்தான் போகும். வீடு வீடாக வந்தால் கட்டுப்படியாகாது என்பார்கள். ஒரு கடை வாசலில் நின்றால் கிடைக்கிற அட்டை நம் தெரு முழுக்க அலைந்தாலும் தேறாது, ஆனால் டீசலும் டிரைவர் சம்பளமும் ஆள் கூலியும் அதேதான். நான் சங்கச் செயலாளர் என்ற ஹோதாவில் அந்த அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, நம் கட்டடத்தில் சோதனைக்கு நடத்திப் பாருங்கள் என்று மேற்பார்வையாளரை ஒப்புக்கொள்ள வைத்தேன். அவர் போட்ட நிபந்தனை, நீலத் தொட்டி நிறைய இருக்கணும், காய்ந்து சுத்தமா இருக்கணும். ஒரு மூட்டையில் ஈரமோ அசிங்கமோ இருந்தால் காகித ஆலைக்காரர்கள் லோடு மொத்தத்தையும் திருப்பிவிடுவார்களாம், அப்புறம் அதைக் குப்பைமேட்டில் கொட்டுவதற்கும் இவர்கள்தான் காசு கட்ட வேண்டுமாம். நாம் ஒழுங்காக நடத்திக் காட்டினால் பின்தெருவில் இருக்கிற கட்டடங்களுக்கும் விரிவாக்கலாம், இல்லாவிட்டால் நமக்கே நிறுத்திவிடுவோம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டம் போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தேன். மற்ற குப்பையை எல்லாரும் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற கண்ணாடிப் பையில்தான் போட வேண்டும், பையின் மேல் மார்க்கரால் கதவு எண் எழுத வேண்டும். எந்த வீட்டில் அட்டையைக் குப்பையோடு சேர்த்து வீசுகிறார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும் என்பது என் யோசனை. எல்லாரும் கை தட்டினார்கள். உன் அம்மா தட்டினாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. போன மாதம் முதல் தடவையாக நம் லோடு திரும்பி வந்தது, மேற்பார்வையாளர் போனில் சத்தம் போட்டார். அடுத்த வாரம் காலையில் வண்டிக்காரர் நீலத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இதை நான் தொட மாட்டேன் சார் என்று ஒதுங்கி நின்றார். பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்புகிற நேரம், வண்டி நிறுத்துகிற இடத்தில் ஏகப்பட்ட பேர். உள்ளே ஒரு செருப்புப் பெட்டி கிழிந்து, அதிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஈர டயப்பர்கள் சிதறி, மேலே இருந்த காகிதமெல்லாம் ஊறிப்போயிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது சிட்டு. ஒரு குச்சியை எடுத்து அவ்வளவையும் தரையில் இழுத்துப் பரப்பினேன். நம் கட்டடத்தில் கைக்குழந்தை இருக்கிற வீடு ஒன்றே ஒன்றுதான், இரண்டாவது மாடிக்குப் புதிதாக வந்த பொண்ணு, உனக்குக்கூட வீடியோவில் அந்தக் குழந்தையை அம்மா காட்டியிருக்கிறாள். அவளைக் கீழே வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். தலைகூடச் சீவாமல் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அத்தனை பேர் முன்னால், பெத்துக்கத் தெரிஞ்சா போதுமா, அதைச் சுத்தமா வளர்க்கத் தெரிய வேணாமா என்று கேட்டேன். ஆமாம், உன் அப்பாதான் கேட்டேன். அவள் கீழே பார்த்துவிட்டு, சார், இது குழந்தைக்குப் போடுறது இல்ல, அளவைப் பாருங்க என்று மெதுவாகச் சொன்னாள். இதுக்கு அளவெடுக்கவா நான் டேப்போட நிக்கிறேன் என்று நான் சொன்னதற்கு நாலு பேர் சிரித்தார்கள். இரண்டு பெண்கள் மட்டும் சிரிக்காமல் வேறு பக்கம் பார்த்தார்கள், அவர்களுக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். உன் அம்மா மாடிப்படித் திருப்பத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், நான் நிமிர்ந்தபோது உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் அந்தப் பொண்ணின் வீட்டுக்காரர் வந்து, வாடகைக்கு இருக்கிறவங்கன்னா என்ன வேணா பேசலாமா சார், ஒரு மன்னிப்புக் கேளுங்க என்றார். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் மத்தியானம் அந்த வீட்டுக் கதவு எண்ணைப் போட்டு ஒரு அறிவிப்பு எழுதினேன், லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஒட்டுவதற்கு. டேப்பின் முனை கிடைக்காமல் நகத்தால் சுரண்டிக்கொண்டே, இதைக் கொஞ்சம் பிடி என்று உன் அம்மாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. ஒட்டாதீங்க, அது நம்ம வீட்டுது என்றாள். எது என்றேன். அது என்னுது என்றாள். எனக்கு அப்போதும் புரியவில்லை, மண்டு மாதிரி நின்றேன். அவள் பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு, பெரியவர்கள் போடுகிற டயப்பர் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள். ரெண்டு வருஷமாக இருக்கிறதாம் சிட்டு. இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால், அடக்க முடியவில்லையாம், அப்புறம் அப்புறம் சும்மா நடக்கும்போதே. நம் படுக்கையில் அவள் பக்கம் பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன், மெத்தை புதுசு என்பதால் என்று நினைத்தேன். முன்பு கறுப்புப் பையில் சுற்றிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், யார் கண்ணிலும் படவில்லை. நான் கண்ணாடிப் பை என்று சட்டம் போட்டேன், அதுவும் கதவு எண்ணோடு. அவள் எங்கே கொண்டு போய்ப் போடுவாள்? உள்ளே தெரியாத ஒரே இடம் நீலத் தொட்டிதான்.

பாப்பா பிறந்தபோது உன் அம்மா வரவில்லை என்று நீ எவ்வளவு அழுதாய், மத்தவங்க அம்மா எல்லாம் மூணு மாசம் வந்து இருக்காங்க என்று. முட்டி வலி என்று நான்தான் உனக்குச் சமாதானம் சொன்னேன், அவள் எனக்குச் சொன்னதும் அதுதான். அத்தனை மணி நேரம் விமானத்தில் பக்கத்துச் சீட்டில் யாரோ ஒருத்தர் உட்கார்ந்திருக்க, நான் எப்படிங்க போவேன், அவ மாமியார் வீட்டு வெள்ளை சோபாவுல எப்படி உட்காருவேன் என்று இப்போது கேட்கிறாள். டிக்கெட் வேண்டாம் என்று சொன்ன அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாளாம். நான் வெளியே நின்று தண்ணீரை வீணாக்காதே என்று கத்தினேனாம். எனக்கு நினைவில்லை, ஆனால் நான் செய்யக்கூடியவன்தான்.

என்கிட்ட ஏன் சொல்லலை என்று கேட்டேன். அதுக்கும் நீங்க ஒரு சட்டம் போடுவீங்கன்னு பயம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள், அதுதான் தாங்கவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், மறைத்தால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தம் இல்லை. அவள் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. அடுத்த கூட்டத்தில் என் மானம் என்ன ஆகும் என்பதுதான் முதலில் வந்தது. இத்தனை வருஷம் கூட இருந்தவள் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் பல் டாக்டர் என்ன சொல்வார் என்று யோசிக்கிறேன். அவர்தான் சங்கத் தலைவர், ஏற்கனவே என்னை எப்போது மட்டம் தட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பவர். அறிவிப்பைக் கிழித்துப் போட்டேன், அதோடு விட்டுவிடலாம், நாளானால் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று இருந்துவிட்டேன். அந்தப் பொண்ணு லிஃப்டில் என்னைப் பார்த்தால் இறங்கிப் படியில் போனாள். குழாயடியில் அவளிடம் யாரும் பேசவில்லை. ஒரு வாரம் இதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன், தூங்கினேன்.

உன் அம்மாவால் முடியவில்லை. என்னிடம் சொல்லாமலே இரண்டாவது மாடிக்குப் போய் அந்தப் பொண்ணிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். அவள் குழந்தையை உன் அம்மா மடியில் வைத்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாளாம். அப்புறம், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் ஆன்ட்டி, என் பேர்லயே இருந்துட்டுப் போகட்டும், நாங்க வேற வீடு பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம் என்றாளாம். உன் அம்மா வந்து இதைச் சொன்னபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். நேற்று வந்த பொண்ணு, நான் சந்தி சிரிக்க வைத்த பொண்ணு, என் வீட்டு மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். மேற்பார்வையாளரும் வந்திருந்தார், வண்டியை நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவு செய்ய. உன் அம்மா பேரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அந்தப் பொண்ணு பேரில் விட்டுவைக்கவும் கூடாது. எழுந்து, தொட்டியில இருந்தது என்னுது, எனக்குத்தான் அந்தத் தொந்தரவு, வெட்கப்பட்டு ஒளிச்சுப் போட்டேன், பழியை அந்தப் பொண்ணு மேல போட்டேன் என்று சொன்னேன். பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். பல் டாக்டர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். அந்தப் பொண்ணைப் பார்த்து, நான் பேசினது தப்பும்மா, மன்னிச்சிடு என்றேன். அங்கே உண்மை தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான், குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் வீட்டுக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். இதை ஏதோ பெரிய தியாகம் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு வாரம் கழித்துச் செய்ததற்குப் பெயர் தியாகம் இல்லை.

பிறகு மேற்பார்வையாளரிடம், இந்த மாதிரிக் கழிவுக்குத் தனியாக ஒரு மூடிய தொட்டி வைக்க முடியாதா என்று கேட்டேன். காகிதத்தை விற்றால் கொஞ்சமாவது வரும் சார், இதை எடுத்தா எரிக்கிற செலவுதான், அதை யார் தருவாங்க என்றார். நியாயம்தான், நானும் அதை ஒருநாளும் யோசித்தது இல்லை. குழந்தை, வயசானவர்கள், மாதவிலக்கு, எல்லா வீட்டிலும் இருக்கிற குப்பைக்குத் திட்டத்தில் இடமே இல்லை. இப்போதைக்கு அதை எந்த வீடும் கறுப்புப் பையில் எண் எழுதாமல் போட்டுக்கொள்ளலாம், யாரும் திறந்து பார்க்கக் கூடாது என்று முடிவானது. நமக்கு வண்டி வரும், ஆனால் பின்தெருவுக்கு இந்த வருஷம் கிடையாது என்றுவிட்டார்கள். திரும்பின லோடுக்கே பணம் போய்விட்டதாம். பின்தெருக்காரர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பதவியை ராஜினாமா செய்தேன், வேறு யாரும் முன்வராததால் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், இப்போது அது எனக்குத் தண்டனை மாதிரி இருக்கிறது.

கூட்டம் முடிந்து படியேறும்போது நாலாவது மாடி கண்டக்டர், ஓய்வு பெற்றவர், பெரிய மீசை, பின்னாலேயே வந்தார். கிண்டல் பண்ணத்தான் வருகிறார் என்று வேகமாக ஏறினேன். திருப்பத்தில் என் கையைப் பிடித்து, யாராவது இருக்கிறார்களா என்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, சார், அதை எந்தக் கடையில வாங்குறீங்க, ராத்திரி முழுக்கத் தாங்குமா என்று காதோடு கேட்டார். எனக்கு என்ன தெரியும், பேந்தப் பேந்த விழித்தேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கூட்டத்தில் நான் சொன்னதைச் சொல்லிவிட்டு, ஒருத்தர் கடை பேர் கேட்கிறார், என்ன சொல்ல என்று கேட்டேன். அவள் யார் என்றாள். மீசை என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள், அடக்க முடியாமல் சிரித்தாள், சிரித்துக்கொண்டே குளியலறைக்கு ஓடினாள். நான் வெளியே நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து மறுபடி சிரிப்புச் சத்தம் வந்தது.

போன வாரம் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இது நிறையப் பேருக்கு இருக்கும்மா, ஏன் இவ்வளவு நாள் தள்ளினீங்க என்றாராம். பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார், மாத்திரை கொடுத்திருக்கிறார், கேட்காவிட்டால் சின்ன அறுவை சிகிச்சை என்கிறார். வயசானால் இப்படித்தான் என்று விட வேண்டியதே இல்லையாம். உனக்கும் பிரசவத்துக்கு அப்புறம் ஏதாவது தொந்தரவு இருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் போ, மாப்பிள்ளையிடமும் சொல், அவர் என்னைப் போல் இல்லை. நீ அம்மா மேல் வைத்திருந்த வருத்தத்தை என் மேல் மாற்றிக்கொள், அது வந்து சேர வேண்டிய இடம் இதுதான். இரண்டாவது மாடிக்காரர்கள் இன்னும் வீடு மாறவில்லை. அவள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தால் பேசுவதில்லை, அது அவர் இஷ்டம். உன் அம்மா மட்டும் தினமும் அங்கே போய்விட்டு வருகிறாள்.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, எதையும் ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் நன்றாக இருக்க வேண்டும், பாப்பாவுக்கு என் முத்தம். ஒன்று மட்டும் மறக்காதே, அடுத்த முறை பேசும்போது இதைப் பற்றி நீயாக ஆரம்பிக்காதே, எப்போதும் போல என்ன சமையல் என்று கேள். அவளே சொன்னால் கேட்டுக்கொள், நடுவில் பேசாதே.

வெட்கத்தோடும் நிறைய அன்போடும்,
உன் அப்பா